கேளாமல் கேட்கும் இசை

விடியற்காலை ஐந்து மணி. சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடம் நாற்சந்தியிலும் தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. முதல் ஷிப்டுக்குச் செல்லும் இளைஞரும் இளம் பெண்களும் ஏறி அமர்கின்றனர். பேருந்து புறப்பட்டுப் பத்து நிமிடம் ஆவதற்குள் ஒவ்வொருவர் காதிலும் இயர்போன் ஏறிவிடுகிறது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் பேருந்திலே நாற்பது தனித்தனி இசையரங்குகள்! ஒருவர் கேட்பதை அடுத்தவர் அறியார்.

இந்த வட்டாரத்துக்கும் இசைக்கும் விந்தையானதோர் உறவு உண்டு. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கிய நோக்கியா ஆலையிலிருந்து கோடிக்கணக்கான கைபேசிகள் வெளியேறின. அக்கைபேசியின் அழைப்பொலி, ஸ்பெயின் நாட்டுக் கிதார் மேதை பிரான்சிஸ்கோ தார்ரேகா (1852–1909) இயற்றிய நடன இசையொன்றின் சிறு துணுக்கு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். திரைப்படங்களின் பின்னணி இசைத் துணுக்குகளை அழைப்பொலியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் பரவியதும் அந்நாட்களிலேதான். இன்றும் சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஆலையில் ஆப்பிள் கைபேசிகள் பொருத்தி முடிக்கப்படுகின்றன. இசையை உலகெங்கும் சுமந்து செல்லும் கருவி நம் பிள்ளைகளின் விரல்களில் உருவாகிறது. ஆனால் அந்த இசையை நாம் உண்மையிலேயே கேட்கிறோமா? அல்லது அது நம் காதில் வந்து விழுந்துகொண்டிருக்கிறதா?

திரைப்படப் பாட்டைப் பற்றி நம் குடும்பங்களில் பேச்சுக்குக் குறைவில்லை. எது நல்ல பாட்டு, எதைப் பிள்ளைகள் கேட்கலாகாது என்பன பற்றிப் பெற்றோர் கவலைப்படுவதும் இயல்பே. ஆனால், பாட்டு முடிந்த பின்னரும் படம் முழுவதும் நம்மோடு வருகின்ற பின்னணி இசையைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. அது நம்மை அழவைக்கிறது, அஞ்சவைக்கிறது, ஆறுதல் தருகிறது. வெளியே வந்ததும் நடிகரைப் புகழ்கிறோம். இசையை மறந்துபோகிறோம். அந்த மறந்துபோன இசையைப் பற்றியே இக்கட்டுரை.

முகம் காட்டாமலே தெரிந்தவர்

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, இத்தொழில் வட்டாரத்துப் பங்கு ஒன்றில் இளைஞர்களோடு அமர்ந்திருந்தோம். பெரும்பாலோர் வெளியூர்ப் பிள்ளைகள். தூத்துக்குடிக் கடற்கரை, திண்டுக்கல், சிவகங்கை என்று பல ஊர்களிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். அவர்களுக்கு ‘பென்ஹர்’ (1959) படத்தின் ஒரு காட்சியை இருமுறை காட்டினோம். முதன்முறை ஒலியை அடைத்துவிட்டுக் காட்டினோம், மறுமுறை ஒலியோடு.

காட்சி நம் வாசகர் பலரும் அறிந்ததே. விலங்கிடப்பட்டு இழுத்துச் செல்லப்படும் யூதா பென்ஹர் நாசரேத்தூரில் தாகத்தால் மண்ணில் விழுகிறான். அவனுக்குத் தண்ணீர் தரலாகாது என்று உரோமை அதிகாரி தடுக்கிறான். அவ்வூர்த் தச்சர் ஒருவர் வந்து அவனுக்கு நீர் புகட்டுகிறார். தடுக்க ஓங்கிய அதிகாரி அவர் முகத்தைக் கண்டு பின்வாங்குகிறான். நமக்கோ அந்த முகம் காட்டப்படுவதே இல்லை. முதுகும் கைகளுமே தெரிகின்றன. படம் முழுவதிலும் கிறிஸ்து நாதரின் முகத்தை இயக்குநர் வில்லியம் வைலர் காட்டவில்லை.

காட்டாத அந்த முகத்தைக் காட்டும் பொறுப்பு இசையமைப்பாளர் மிக்லோஸ் ரோசாவுக்கு (1907–1995) வந்து சேர்ந்தது. அங்கேரி நாட்டில் பிறந்த அவர், ஆண்டவர் தோன்றும் இடங்களிலெல்லாம் ஆர்கன் ஒலியோடு இயைந்த ஒரே மெட்டை ஒலிக்கச் செய்தார். பின்னர் கல்வாரிப் பாதையில் பென்ஹர் ஆண்டவருக்குத் தண்ணீர் தர முயலும்போது அதே மெட்டு மீண்டும் வருகிறது. நாசரேத்தூரை அது நமக்கு நினைவூட்டிவிடுகிறது. அப்படம் பெற்ற 11 ஆஸ்கர் விருதுகளுள் ஒன்று இந்த இசைக்கு உரியது.

இரண்டாம் முறை பார்த்து முடிந்ததும் மண்டபத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு பெண் எழுந்தாள். கைபேசி ஆலையில் பணிபுரிபவள். “ஐயா, முதல் தடவை பார்க்கும்போது யாரோ ஒருவர் தண்ணீர் கொடுத்தார், அவ்வளவுதான். இரண்டாவது தடவைதான் கொடுத்தவர் யாரென்று தெரிந்தது. முகத்தைக் காட்டாமலே தெரிந்துவிட்டது” என்றாள்.

பின்னணி இசையின் இலக்கணத்தை இதைவிடத் தெளிவாக நாம் சொல்லியிருக்க முடியாது. கண்ணுக்கு எட்டாததைக் காதின் வழியே நெஞ்சுக்குச் சொல்லுவது அதன் வேலை.

அளந்து செய்யும் தொழில்

இது எவ்வாறு உருவாகிறது என்பதைத் தொழிலாளர் குடும்பங்கள் அறிந்தால் வியப்பார்கள். ஏனெனில் இதுவும் ஒரு கணினி நுட்பம்போல, ஒரு பட்டறை வேலைபோல, அங்குலம் அங்குலமாக அளந்து செய்யப்படும் தொழிலே.

பழைய 35 மில்லிமீட்டர் படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்களாக, நிமிடத்துக்கு 90 அடியாக ஓடியது. கதவு திறக்க எத்தனை நொடி, தாய் திரும்பிப் பார்க்க எத்தனை நொடி என்று இசையமைப்பாளர் கணக்கிட்டுக்கொள்வார். அந்த அளவுக்குள் அடங்குமாறு இசையை எழுதுவார். வயலினுக்கு ஒரு தாள், குழலுக்கு ஒரு தாள், செல்லோவுக்கு ஒரு தாள் என்று பிரித்தெழுதித் தருவார். திரையில் படம் ஓட, நடத்துநர் கையசைக்க, கலைஞர் அனைவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசிப்பர். முந்தைய நாட்களில் ஒருவர் தவறினாலும் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

1976-இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக அறிமுகமான இளையராஜா அவர்கள், மயிலாப்பூரில் மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவர். படத்தைப் பார்த்தவுடனே இசைக்குறிப்புகளைத் தம் கையாலேயே எழுதித் தருபவர் என்பது திரையுலகம் அறிந்த செய்தி. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்த அவருடைய சிம்பொனி 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டன் மாநகரில் அரங்கேறியது. அந்தக் கைகள் ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழகிய களம் திரைப்படப் பின்னணி இசையே.

இத்துணை உழைப்புக்கும் உரிய பெயர் கிடைக்க நெடுங்காலமாயிற்று. இசையமைப்பாளருக்கான தேசிய விருது முதன்முதல் 1967-ஆம் ஆண்டுப் படங்களுக்கு வழங்கப்பட்டது. ‘கந்தன் கருணை’க்காக அதைப் பெற்றவர் கே. வி. மகாதேவன். பின்னணி இசையைத் தனியே பிரித்துப் போற்றியது 1994-ஆம் ஆண்டுப் படங்களுக்கு ஒரு முறையும், பின்னர் 2009-ஆம் ஆண்டுப் படங்கள் முதல் முறையாகவும் நிகழ்ந்தன. 2009-க்கான அவ்விருது ‘பழசிராஜா’ படத்துக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது. 1994-இல் அதைப் பெற்றவர் யார் என்பதைச் சற்றுப் பின்னர்ச் சொல்லுவோம். அவர் நமக்கு நெருங்கியவர்.

நாம் விரும்பிக் கேட்கும் சில

அன்று மாலை இளைஞர்கள், “உங்களுக்குப் பிடித்தவை எவை?” என்று நம்மைக் கேட்டார்கள். நாம் சொன்னவற்றை வாசகர்களுக்கும் சொல்லுகிறோம்.

முதலாவது, ‘ஞானசௌந்தரி’ (1948). கத்தோலிக்கக் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு, நாடக மேடைகளில் ஆடப்பட்ட கதை அது. கைகள் வெட்டுண்டு காட்டில் விடப்பட்ட இளவரசிக்குத் தேவமாதாவின் அருளால் கைகள் மீண்டும் கிடைக்கின்றன. சிட்டாடல் நிறுவனத்தார் எடுத்த இப்படத்தில் எம். வி. ராஜம்மாவும் டி. ஆர். மகாலிங்கமும் நடித்தனர். எஸ். வி. வெங்கட்ராமன் இசையமைத்தார். தேவமாதாவை நோக்கிச் சிறுமி பாடத் தொடங்கும் பாட்டு முடிவதற்குள் அவள் வளர்ந்த மங்கையாகிவிடுகிறாள். சிறுமிக்குக் குரல் ஜிக்கி. மங்கைக்குக் குரல் பி. ஏ. பெரியநாயகி. ஆண்டுகள் பல கடந்ததை எழுத்துப் போட்டுச் சொல்லாமல், செபம் இடையறாமல் தொடர்ந்தது என்று இசையாலேயே சொல்லிவிட்டார்கள். அதே கதையை ஜெமினி நிறுவனமும் அவ்வாண்டே படமாக்கிற்று. ஆனால் சிட்டாடல் படத்தின் வெற்றிக்கு முன் நிற்கமாட்டாமல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அன்று மண்டபத்தில் இருந்த மூதாட்டி ஒருவர், தம் தாயார் அந்தப் பாட்டைச் செபமாலை முடிந்ததும் பாடுவார் என்று கூறிக் கண்ணீர் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது, ‘பேசும் படம்’ (1987). சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிக் கமல்ஹாசன் நடித்த இப்படத்தில் உரையாடல் கிடையாது; பாட்டும் கிடையாது. வேலையற்ற இளைஞன் ஒருவன் திடீரென்று கிடைத்த போலிச் செல்வத்தில் சில நாள் வாழ்ந்து, பின் மனச்சான்றின் குரலுக்குச் செவிசாய்த்து உண்மைக்குத் திரும்புகிறான். வசனம் செய்ய வேண்டிய வேலையில் பாதியை எல். வைத்தியநாதனின் (1942–2007) இசை செய்துவிடுகிறது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறது. அவன் தனித்து நிற்கும் இடத்தில் தானும் ஒதுங்கி அமைதியாகிறது. வாய் திறவாத படத்தை இரண்டு மணி நேரம் குழந்தைகளும் சலிப்பின்றிப் பார்க்கிறார்கள் என்றால், அதில் இசையின் பங்கு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). இதைத் தேர்ந்தெடுக்க நமக்குத் தனிக் காரணம் உண்டு. ஒரகடத்தைச் சுற்றிலும் தவணையில் மனை வாங்கி, கடன் வாங்கி, நான்கு சுவர் எழுப்பப் போராடும் குடும்பங்கள் எத்தனை! ‘வீடு’ அவர்களின் கதை. வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்த நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, முதிய தாத்தாவோடும் தங்கையோடும் சொந்த வீடு கட்டத் துணிகிறாள். கட்டியும் கட்டாமலும் நிற்கும் வீட்டின் மனையே அவர்களுடையதாக நிலைக்கவில்லை. இப்படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும், நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான விருதையும் பெற்றது.

இதில் பாட்டில்லை. 1986-இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பின் பகுதிகளே பின்னணியாக ஒலிக்கின்றன. தியாகையருக்கும், செர்மனி நாட்டு இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக் அவர்களுக்கும் காணிக்கையாக அமைந்தது அத்தொகுப்பு. பாக் அவர்கள் 1723 முதல் 1750-இல் இறக்கும் வரை இலைப்சிக் நகரத்துத் தோமையார் ஆலயத்தில் இசைப் பொறுப்பாளராக இருந்து, வாரந்தோறும் வழிபாட்டுக்கு இசை எழுதிக் குவித்தவர். ஓர் ஆலயப் பாடற்குழுத் தலைவரின் தாக்கம் இரு நூற்றாண்டுகளுக்குப் பின் சென்னையில் ஓர் ஏழைத் தாத்தா தம் பேத்தியின் அரைகுறை வீட்டைச் சுற்றிப் பார்க்கும் காட்சிக்குத் துணைநிற்கிறது!

நான்காவது, ‘தி மிஷன்’ (1986). பதினெட்டாம் நூற்றாண்டில் தென் அமெரிக்கக் காடுகளில் குவாரனி மக்களிடையே உழைத்த சேசு சபைத் துறவிகளின் கதை. ஏறத்தாழ அதே காலத்தில் நம் தமிழகத்தில் வீரமாமுனிவர் உழைத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைவிற்கொண்டால் கதை இன்னும் நெருங்கிவரும். அருவியின் உச்சிக்கு ஏறிவந்த துறவி, மொழி தெரியாத மக்கள் நடுவே அமர்ந்து ஓபோ என்னும் குழலை எடுத்து வாசிக்கிறார். அம்புகள் தாழ்கின்றன. மறையுரைக்கு முன்பே இசை சென்று கதவைத் தட்டிவிடுகிறது.

இசையமைத்தவர் உரோமை நகரத்தவரான என்னியோ மொரிக்கோனே (1928–2020). முதலில் படத்தைப் பார்த்தவுடன், இது இசையில்லாமலே நன்றாக இருக்கிறது என்று கூறி மறுத்தார், பின்னரே இசைந்தார். குழலின் மெட்டு, ஐரோப்பிய ஆலயப் பாடற்குழுவின் இசை, குவாரனி மக்களின் தாளம் ஆகிய மூன்றையும் தனித்தனியே ஒலிக்கவிட்டு இறுதியில் ஒன்றாகப் பின்னினார். 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த திரைப்படங்களின் பட்டியலில் ‘பென்ஹர்’, ‘தி மிஷன்’ ஆகிய இரண்டும் இடம்பெற்றன. சேசு சபை மீண்டும் நிறுவப்பட்டதன் 200-ஆம் ஆண்டை ஒட்டி மொரிக்கோனே ஒரு திருப்பலி இசையையும் இயற்றி, திருத்தந்தை பிரான்சிஸ் பெயரால் அதை அழைத்தார்.

நெல்லிக்குன்றிலிருந்து காட்டுப்பாக்கத்துக்கு

ஐந்தாவதாக நாம் குறிப்பிடுபவர்தாம் முன்பு சொல்லாமல் விட்டவர். 1994-ஆம் ஆண்டின் மலையாளப் படமான ‘சுக்ருதம்’ வாயிலாகப் பின்னணி இசைக்குத் தேசிய விருது பெற்ற ஜான்சன் மாஸ்டர். அதற்கு முந்திய ஆண்டில் ‘பொந்தன்மாட’ படத்துக்காகவும் இசைக்குரிய தேசிய விருதைப் பெற்றவர் அவர்.

1953-இல் திரிச்சூர் நெல்லிக்குன்றில் பிறந்த ஜான்சன், அவ்வூர்ப் புனித செபஸ்தியார் ஆலயப் பாடற்குழுவில் பாடி வளர்ந்தவர். ஆர்மோனியமும் கிதாரும் கற்று, நண்பர்களோடு சேர்ந்து 1968-இல் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார். நம் ‘அன்னை வேளாங்கண்ணி’ (1971) படத்துக்கு இசையமைத்த ஜி. தேவராஜன் மாஸ்டர் அவருடைய திறமையைக் கண்டு சென்னைக்கு அழைத்துவந்தார். பிறகு முந்நூறு படங்களுக்கு மேல் இசையமைத்த ஜான்சன், சென்னைக் காட்டுப்பாக்கத்திலேயே குடியிருந்து, 2011 ஆகஸ்ட் 18-இல் அங்கேயே மறைந்தார். பூந்தமல்லியைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர் வரும் நம் மக்கள் நாள்தோறும் அக்காட்டுப்பாக்கத்தை ஒட்டியே வருகிறார்கள்.

‘தூவானத்தும்பிகள்’ (1987), ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) ஆகிய படங்களில் பாட்டுகளுக்கு இசையமைத்தவர் வேறொருவர். பின்னணி மட்டும் ஜான்சனுடையது. முன்னதில் மழையோடு சேர்ந்து வரும் அவருடைய மெட்டைக் கேரளத்தார் இன்றும் மறக்கவில்லை. மைசூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றிய ‘நமுக்குப் பார்க்கான் முந்திரித்தோப்புகள்’ (1986) என்னும் படமோ தன் பெயரையே விவிலியத்தின் இனிமைமிகு பாடலிலிருந்து பெற்றது. அதற்கு ஜான்சன் தந்த இசை உரக்கப் பேசுவதே இல்லை. கிதாரும் வயலினும் மெல்லத் தோளைத் தொட்டுவிட்டு விலகிக்கொள்கின்றன.

இத்தகைய கலைஞர்கள் எங்கிருந்து முளைத்தார்கள் என்று பார்த்தால், பலருடைய வேர் ஓர் ஆலயத்தின் பாடல் மாடத்தில் இருக்கிறது. கோவாவின் பங்குப் பள்ளிகளில் சிறுவர்களுக்கு இசைக்குறிப்பும் வயலினும் கற்பித்தார்கள். அப்பிள்ளைகள் வளர்ந்து, பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களின் முதுகெலும்பானார்கள். அவர்களுள் ஒருவரான அந்தோணி கொன்சால்வஸ் (1927–2012) மஜோர்தா ஊர் ஆலயத்துப் பாடற்குழுத் தலைவரின் மகன். ஆர். டி. பர்மனுக்கும் பியாரேலாலுக்கும் வயலின் கற்பித்த ஆசான் அவர். ஞாயிறு திருப்பலிக்காகக் கற்ற கலை, பிற்பாடு கோடிக்கணக்கான மக்களின் கண்ணீருக்கும் மகிழ்ச்சிக்கும் குரலாயிற்று. எந்தப் பங்குத் தந்தையும் திரைப்படத்துக்கென்று சிறுவனுக்கு வயலின் கற்பிக்கவில்லை. ஆண்டவருக்கென்று கற்பித்தது உலகுக்கும் பயன்பட்டது.

பொத்தானை அழுத்தினால் போதுமா?

இங்கேதான் நம் மனத்தை உறுத்தும் கேள்வி எழுகிறது. நாளைய ஜான்சன் இன்று எந்தப் பாடற்குழுவில் இருக்கிறான்?

முன்னே பேசிய அந்தப் பெண்ணிடம், “உன் ஊரில் பாடற்குழுவில் பாடியிருக்கிறாயா?” என்று கேட்டோம். “எட்டு வருடம் பாடினேன் ஐயா. இரண்டாம் குரல் பாடுவேன். இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. ஒரு நாள்கூடப் பாடவில்லை” என்றாள். ஏன் என்றோம். “ஷிப்ட் மாறிமாறி வருகிறது. அதோடு இங்கே ஒரு கீபோர்டு இருக்கிறது. தாளப் பொத்தானை அழுத்தினால் அதுவே எல்லாம் வாசித்துவிடுகிறது. பாட்டு இல்லாவிட்டால் பென்டிரைவில் போட்டுவிடுகிறார்கள். நான் எதற்கு ஐயா?” என்றாள்.

அந்தக் கடைசிக் கேள்வி நம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை. இங்குள்ள கார் ஆலைகளில் பற்றவைக்கும் வேலையை இயந்திரக் கைகள் செய்கின்றன. ஆலைக்கு அது தேவையாக இருக்கலாம். திரையிசையிலும் 1990-க்குப் பின் கணினி வந்து, ஐம்பது பேர் அமர்ந்த கூடத்தில் ஒருவரே அமர்ந்து வேலையை முடிக்கும் காலம் வந்துவிட்டது. ஆனால் ஆலயத்திலும், “நான் எதற்கு?” என்று ஒரு மகள் கேட்கும்படி ஆகலாமா?

1958 செப்டம்பர் 3-ஆம் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில் வெளியான திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை, தானே இயங்கும் இசைக்கருவி, இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா முதலியவை திருச்சடங்கில் இசைக்கப்படலாகாது என்று தடுத்தது. அது திருச்சங்கத்துக்கு முந்திய காலம். எனினும் அதன் பின்னாலுள்ள கருத்து பழையதாகிவிடவில்லை. வழிபாடு என்பது உயிருள்ள மனிதர் செலுத்தும் காணிக்கை. நமக்குப் பதிலாக ஒரு பொறி செபிக்க முடியாது. 1963 டிசம்பர் 4-இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கத்தின் திருவழிபாட்டுச் சட்டமும், மக்கள் அனைவரும் முழுமையாகப் பங்கேற்பதையே எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்திற்று. பாடற்குழுக்களைக் கவனத்தோடு வளர்க்குமாறும் அது பணித்தது.

2002-இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை இவ்வட்டாரத்துப் பங்குகள். வயல் வெளிகளாக இருந்த ஊர்களில் இன்று பல்லாயிரம் இளைஞர் வந்து தங்கியுள்ளனர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் தமிழக அரசு திறந்த பெண் தொழிலாளர் தங்குமிடம் மட்டுமே 18,720 பேருக்கு இடமளிக்க வல்லது. தம் ஊர்களில் பாடிய குரல்கள் அங்கே எத்தனை முடங்கிக் கிடக்கின்றன! இயர்போனைக் கழற்றிவிட்டு, “வா, பாடு” என்று அழைப்பார் இல்லாததாலன்றோ அவை வாளாவிருக்கின்றன?

மறைந்து செய்யும் பணி

பின்னணி இசைக் கலைஞரின் பெயர் சுவரொட்டியில் வருவதில்லை. மூன்றாம் வரிசையில் அமர்ந்து வாசிக்கும் வயலின்காரர் யாரென்று எவரும் கேட்பதில்லை. எனினும் அவர் ஒரு சுரம் தவறினால் காட்சியே கெட்டுவிடும். ஒரகடத்தில் பூட்டப்படும் லாரியில் உள்ளே மறைந்திருக்கும் ஒரு திருகாணியை முடுக்குபவரின் நிலையும் அதுவே. வண்டியை ஓட்டுபவர் அவரை அறியமாட்டார். அவருடைய நேர்மையை நம்பியே வண்டி ஓடுகிறது.

நற்செய்தி நூல்களில் புனித சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் திருக்குடும்பம் அவர் உழைப்பில் நின்றது. 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். முன்னணியில் நிற்காமல் முழுமையாகப் பணிபுரிவது எப்படி என்பதற்கு நம் தொழிலாளருக்கு அவர் முன்மாதிரி. பின்னணி இசையை நாம் செவிகொடுத்துக் கேட்கப் பழகினால், மறைந்து நின்று பணிபுரிவோரை மதிக்கும் பழக்கமும் கூடவே வரும். வீட்டில் அடுக்களையில் நிற்கும் தாயையும், இரவு ஷிப்ட் முடித்து உறங்கும் தமையனையும் வேறு கண்கொண்டு பார்ப்போம்.

வீட்டிலே தொடங்குவோம்

பெருஞ்செலவு ஏதும் வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை, குடும்பத்தோடு ஒரு நல்ல படத்தின் ஒரு காட்சியை ஒலியின்றிப் பாருங்கள். பிறகு ஒலியோடு பாருங்கள். “இங்கே எந்தக் கருவி வந்தது? ஏன் வந்தது? எங்கே இசை நின்றது?” என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடைகள் உங்களை வியக்கவைக்கும். கேள்வி என்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்தவர்கள் நாம். பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் அன்றி, மெல்லிய தென்றலின் ஒலியில் ஆண்டவரைக் கண்டறிந்த எலியாவின் விசுவாச வழியினரும் நாமே. செவியைப் பண்படுத்துவது நமக்குப் புதிதன்று.

இரண்டாவதாக, பிள்ளைகளுள் ஒருவரையேனும் ஓர் இசைக்கருவி கற்கச் செய்யுங்கள். கற்றதை ஆலயத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தாளப் பொத்தானை அழுத்தாமல் பத்து விரல்களால் வாசிக்கும் சிறுவன் தொடக்கத்தில் தவறுவான். பொறுத்துக்கொள்வோம். தவறி வாசிக்கும் சிறுவன் நாளை திருந்துவான். பென்டிரைவுக்கு நாளை என்பது கிடையாது.

மூன்றாவதாக, வெளியூரிலிருந்து வந்து உங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளிடம், “நீ பாடுவாயா?” என்று ஒருமுறை கேளுங்கள்.

அம்மாலைக்குப் பின் அந்தப் பங்கில் நடந்ததையும் சொல்லி முடிக்கிறோம். ஷிப்ட் மாறினாலும் இயன்றவர் வருவது என்று ஏற்பாடு செய்துகொண்டு, ஞாயிறு மாலைகளில் ஆறு பேர் கூடுகின்றனர். சில வாரம் நால்வர். ஒரு வாரம் இருவர் மட்டுமே. முதியவர் ஒருவர், பரணில் கிடந்த தம் பழைய வயலினுக்கு நரம்பு மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார். இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள் நவம்பர் 22. அன்றைய திருப்பலிக்கு இயந்திரத் தாளமின்றிப் பாடுவது என்பது அவர்களுடைய தீர்மானம்.

இரண்டாம் குரலுக்கு ஆள் கிடைத்துவிட்டது.